சாம்பல் அணிலும் நாவலாசிரியனும்

நான் எழுதிய கதைகளில் ஒன்றைப் பற்றி எனக்கு வெகு காலம் கொஞ்சம் கர்வம் இருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே, மலையடிவாரத்து மாந்தோப்பு ஒன்றில் நடக்கிற கதை அது. பாகப்பிரிவினையில் தோப்பை இழக்கப் போகிற ஒரு கிழவர், கடைசி நாளன்று மாமரத்தடியில் தனியாக உட்கார்ந்திருக்கிறார். மலையணில் ஒன்று மரத்திலிருந்து இறங்கி வந்து, அவர் காலடியில் கிடந்த பழத்தை இரண்டு கையாலும் எடுத்துக் கடிக்கிறது. அவர் அசையாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவ்வளவுதான் முடிவு. பத்திரிகையில் வெளியானபோது பலர் பாராட்டிக் கடிதம் எழுதினார்கள். கதையே அந்த அணிலில்தான் இருக்கிறது என்று ஒரு நண்பர் சொன்னார். எனக்கும் அப்படித்தான் பட்டது.

சில வருஷங்களுக்குப் பிறகு ஓர் இளைஞர் என்னைத் தேடி வந்தார். வனவிலங்கு ஆராய்ச்சி செய்கிறவர். ராஜபாளையத்தில் ஓர் அறை எடுத்துத் தங்கிக்கொண்டு, இந்த அணிலைப் பற்றித்தான் ஆராய்ச்சி. காப்பியைக் குடித்து முடித்துவிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னார்:

"கதை நன்றாக இருக்கிறது, சார். அணில்தான் பொய்."

"பொய் என்றால்?"

"அது அப்படித் தரைக்கு இறங்கி வராது, சார். மரத்துக்கு மரம் கிளை வழியாகவே போகும். தின்கிறது, தூங்குகிறது, குட்டி போடுகிறது எல்லாம் மேலேதான். இறங்கி வந்திருக்கிறது என்றால், பக்கத்து மரத்தை யாரோ வெட்டிவிட்டார்கள், தாண்டிப் போக வழியில்லை என்று பெரும்பாலும் அர்த்தம். அப்படியானால் உங்கள் கதைக்குள் வேறொரு கதை இருக்கிறது. அதை நீங்கள் எழுதவில்லை."

எனக்குக் கோபம் வந்தது என்பதை மறைப்பானேன்? கதையில் வருகிற அணிலுக்கும் காட்டில் இருக்கிற அணிலுக்கும் ஒரே சட்டமா என்று கேட்டேன். கற்பனை, குறியீடு என்றெல்லாம் கொஞ்ச நேரம் பேசினேன். அவர் வாதாடவில்லை. "ஒரு தடவை வந்து பாருங்கள், சார்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நான் போனேன். போய் வந்ததன் விளைவாக, தமிழ்க் கதைகளில் காடு எப்படி வருகிறது என்பதைப் பற்றி எனக்குச் சில எண்ணங்கள் தோன்றின. அவற்றைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் அந்தப் பிராணியைப் பற்றி இரண்டு வார்த்தை. சாம்பல் நிற மலையணில் என்று பெயர். ராட்டுஃபா மாக்ரூரா என்பது சாஸ்திரப் பெயர். 1769-ல் தாமஸ் பென்னன்ட் என்பவர் அதை ஐரோப்பியச் சாஸ்திரத்துக்கு அறிமுகம் செய்தார். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் தவிர உலகத்தில் வேறெங்கும் கிடையாது. முற்றத்தில் ஓடுகிற மூவரி அணிலை நினைத்துக்கொண்டு போகிறவன் ஏமாந்துதான் போவான். மூக்கிலிருந்து வால் நுனி வரை இரண்டு, இரண்டரை அடி இருக்கும். இதைக் காப்பாற்றுவதற்கென்றே 1988-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் மலைப்பகுதியில் சுமார் 480 சதுர கிலோமீட்டர் காட்டைச் சரணாலயமாக்கினார்கள். 2021-ல் அந்தச் சரணாலயத்தையும் மேகமலையையும் சேர்த்துப் புலிகள் காப்பகமாக்கினார்கள். நாட்டில் 51-வது, தமிழ்நாட்டில் ஐந்தாவது. அணிலின் பெயரால் காப்பாற்றப்பட்ட காடு இப்போது புலியின் பெயரால் அறியப்படுகிறது. சர்க்கார் கெஜட்டிலும் சரி, கதைகளிலும் சரி, பெரிய பிராணிக்குத்தான் மரியாதை போலும்.

விடியுமுன் ராஜபாளையத்திலிருந்து கிளம்பிச் செண்பகத்தோப்புக்குப் போனோம். தென்மேற்குப் பருவமழையில் பெரும்பங்கை மலைக்கு அந்தப் பக்கம் கேரளமே வாங்கிக்கொண்டுவிடுகிறது. இந்தச் சரிவுகளுக்கு ஐப்பசி கார்த்திகை மழைதான் முக்கிய ஆதாரம். ஆகையால் மேலே ஏறும் பாதையெல்லாம் முள்ளும் புதருமாக வறண்டு கிடக்கிறது. ஓடைக் கரையில் மட்டும் மருதும் நாவலும் புங்கும் புளியும் மாவும் ஓங்கி நின்று, ஒன்றன் கிளையோடொன்று கோத்துக்கொண்டிருக்கின்றன. அந்தக் கோவைதான் அணிலுக்கு வீதி. ஒரு மரம் போனால் வீதியில் ஒரு பாலம் இடிந்த மாதிரி.

இளைஞருடைய வேலை என்ன? அண்ணாந்து பார்ப்பது. இலையும் சுள்ளியும் வைத்துக் கட்டிய கூடு எந்த மரத்தில் இருக்கிறது, எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, அந்த மரத்தின் தலை எத்தனை பக்கம் மற்ற மரங்களோடு தொட்டுக்கொண்டிருக்கிறது என்று எழுதிக்கொள்வது. பிராணி கண்ணில் பட்டால், ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை அது என்ன செய்கிறது என்று குறித்துக்கொள்வது. காலை ஆறு மணியிலிருந்து பதினொன்று வரை நின்றோம். அணில் தென்பட்டது, எல்லாம் சேர்த்து இருபது நிமிஷம். பிறகு ஓடைத் திருப்பத்தில் ஆனை லத்தி கிடந்தது. காலால் தொட்டுப் பார்த்தார், சூடு இருந்தது. ஒரு வார்த்தை பேசாமல் என் கையைப் பிடித்துத் திருப்பிக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அன்றைய வேலை அத்துடன் முடிந்தது. இதைப் போலவே நாளைக்கும், மறுநாளும், இரண்டு மூன்று வருஷம்.

அவருடைய நோட்டுப் புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். மணி, மரம், உயரம், செயல். செயல் என்ற கட்டத்தில் "தின்றது", "படுத்திருந்தது", "தாவியது" என்று ஒற்றை ஒற்றைச் சொல். எங்களைக் கண்டதும் அது ஒரே பாய்ச்சலாக அடுத்த மரத்துக்குப் போனதை நான் கண்ணால் பார்த்தேன். "பயந்து ஓடிற்று என்று எழுதவில்லையே?" என்று கேட்டேன்.

"ஓடினது தெரியும், சார். பயந்ததா என்று எனக்குத் தெரியாதே" என்றார்.

இந்தப் பதிலை நான் இன்னும் மறக்கவில்லை. நாற்பது வருஷமாக எழுதுகிறேன். "பயந்து ஓடினாள்", "வெட்கப்பட்டுத் தலை குனிந்தாள்" என்று எத்தனை இடத்தில் எழுதியிருப்பேன்! ஓடியது என் கண்ணுக்குத் தெரிந்தது. பயத்தை நான் சேர்த்தேன். நாவலாசிரியன் சேர்க்கத்தான் வேண்டும், அது அவன் தொழில். ஆனால் எது கண்டது, எது சேர்த்தது என்று அவனுக்காவது தெரிந்திருக்க வேண்டாமா?

நம்முடைய பழைய கவிகளுக்கு இது தெரிந்திருந்தது என்றே நினைக்கிறேன். குறிஞ்சி என்றும் முல்லை என்றும் நிலத்துக்குப் பூவின் பெயரை வைத்தவர்கள் அவர்கள். இந்த ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே பிறந்த ஆண்டாள், பொழுது விடிந்ததைச் சொல்ல வரும்போது பொதுவாகப் பறவைகள் கூவின என்பதோடு விட்டுவிடுவதில்லை. ஆனைச்சாத்தன் என்று ஒரு பறவையைப் பெயர் சொல்லியும் கூப்பிடுகிறாள். பிற்காலத்தவர்களுக்கு அது எந்தப் பறவை என்று விளக்க வேண்டியதாகிவிட்டது. அவள் பார்த்துச் சொன்னதை நாம் உரையைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறோம். அத்தனை தூரம் வந்துவிட்டோம்.

நம் நாவல்களில் காடு இல்லாமல் இல்லை. ராஜம் கிருஷ்ணனின் 'குறிஞ்சித் தேன்' 1963-லேயே நீலகிரி மலைக்குப் போயிற்று. ஜெயமோகனின் 'காடு' 2003-லும், ச. பாலமுருகனின் 'சோளகர் தொட்டி' 2004-லும் வெளிவந்தன. மூன்றும் படிக்க வேண்டிய நாவல்கள்தான். ஆனால் முதலாவதில் மலை ஒரு சமூகத்தின் வீடு. இரண்டாவதில் காடு ஓர் இளைஞனின் மோகத்துக்கு உருவம். மூன்றாவதில் அது ஒரு ஜனத்தின் துயரம் நடந்த இடம். அதில் தவறில்லை. காட்டையே வேலை செய்கிற இடமாகக் கொண்டு, தினசரி அண்ணாந்து பார்த்து எழுதிச் சம்பளம் வாங்குகிற ஒருவனை நாவல் என்ன செய்யும் என்பதுதான் என் கேள்வி.

காட்டைப் பற்றி உரைநடையில் எழுத உலகத்துக்கே ஒரு முறை கற்றுக் கொடுத்தவர் ஜிம் கார்பெட். 1944-ல் வெளிவந்த அவருடைய குமாயுன் ஆட்கொல்லிப் புலிகளின் புத்தகத்தைத் தி.ஜ.ர. தமிழில் தந்தார். கார்பெட் நல்ல எழுத்தாளர். உடைந்த சுள்ளி, கூவுகிற மான், திரும்பிக் கிடக்கிற இலை எல்லாவற்றையும் பார்க்கிறார். ஆனால் அவர் கதைகளுக்குக் கட்டுக்கோப்பைக் கொடுப்பது அவர் கையிலிருக்கிற துப்பாக்கி. புலி செத்தால் கதை முடியும். வாசகனுக்கு அதில் ஒரு நிம்மதி. துப்பாக்கியைப் பிடுங்கிக்கொண்டுவிட்டால் அந்தக் கதைகளை எப்படி முடிப்பது?

இந்தக் கேள்விக்கு ஒருவர் வாழ்க்கையே பதிலாக இருந்தது. ஏ.ஜே.டி. ஜான்சிங் 1945-ல் நாங்குநேரியில் பிறந்தவர். கார்பெட்டைப் படித்துப் படித்துக் காட்டின் மேல் மோகம் கொண்டவர். சிவகாசி அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரியில் விலங்கியல் ஆசிரியர். அங்கிருந்து எட்டிப் பார்த்தால் ஸ்ரீவில்லிபுத்தூர் மலை. சிவகாசியில் கௌரவமாக உத்தியோகம் பார்த்துக்கொண்டு காலத்தை ஓட்டியிருக்கலாம். அவரோ, 1976-லிருந்து 1978 வரை பந்திப்பூர்க் காட்டில் செந்நாய்களின் பின்னால் நடந்தார். செந்நாயைக் கொன்று கொண்டுவந்தால் பரிசு கொடுத்த காலம் ஒன்று இருந்தது. அப்படி எல்லாரும் வெறுத்த பிராணியை அவர் உட்கார்ந்து கவனித்தார். 1985-ல் டேராடூனிலுள்ள இந்திய வனவிலங்கு நிறுவனத்தில் சேர்ந்து, நாடு முழுவதும் வேலை செய்கிற ஒரு தலைமுறையையே பழக்கினார். 2024-ல் காலமானார்.

கார்பெட் நடந்த குமாயுன் பாதைகளில் தாமும் நடந்து பார்த்து அவர் ஒரு புத்தகம் எழுதினார். 2015-ல் மேற்குத் தொடர்ச்சி மலையில் நடந்ததைப் பற்றி மற்றொன்று. இரண்டும் ஆங்கிலத்தில். நாங்குநேரிக்காரர் ஒருவர் நம்முடைய மலையைப் பற்றி எழுதியதை நாம் ஆங்கிலத்தில் படிக்க வேண்டியிருக்கிறதே என்பது என் முதல் வருத்தம். அவரை மட்டும் குறை சொல்ல முடியாது. நாவலாசிரியர் அ. மாதவையாவின் பிள்ளை மா. கிருஷ்ணன் 1950-லிருந்து 1996-ல் இறக்கும் வரை கல்கத்தா 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் இயற்கையைப் பற்றி எழுதினார். தமிழிலும் எழுதினார், ஆனால் ஆங்கிலத்தோடு பார்த்தால் அது கொஞ்சம். பின்னால் தியடோர் பாஸ்கரன் அவற்றைத் தேடித் தொகுத்ததோடு, தாமும் தமிழிலேயே இத்துறையில் எழுதி வருகிறார். அவர்களை விட்டால் இந்த விஷயத்தில் நம் பாஷை பட்டினி கிடந்தது என்றே சொல்ல வேண்டும்.

ஜான்சிங்கின் எழுத்தில் துப்பாக்கி இல்லை. நடை இருக்கிறது, பார்வை இருக்கிறது. கடைசியில், இந்த இடத்தைக் காப்பாற்ற இன்னது செய்ய வேண்டும் என்ற யோசனை இருக்கிறது. கார்பெட்டுக்குத் துப்பாக்கி முடிவைக் கொடுத்த இடத்தில் இவருக்குச் சிபார்சு முடிவைக் கொடுக்கிறது. நாணயமான முடிவுதான்; இலக்கிய வாசகனுக்கு அது கொஞ்சம் குறையாகப் படுகிறது. நடந்தவர் என்ன பார்த்தார் என்று தெரிகிறது. ராத்திரி கூடாரத்தில் படுத்துக்கொண்டு என்ன நினைத்தார் என்பதை அவர் சொல்லுவது குறைவு. சாஸ்திரத்தின் கட்டுப்பாடு அந்த இடத்தில் அவர் வாயை மூடிவிடுகிறது என்பது என் அபிப்பிராயம்.

அந்த இடத்தில்தான் ஜெயமோகனின் 'யானை டாக்டர்' தன் வேலையைத் தொடங்குகிறது. 2011-ல் வந்த 'அறம்' தொகுதியில் உள்ள கதை. டாப்ஸ்லிப்பில் யானைகளுக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் கிருஷ்ணமூர்த்தியை மையமாக வைத்து எழுதியது. அழுகின யானையின் உடலை டாக்டர் அறுக்கிற இடமும், அதில் நெளிகிற புழுவை அருவருப்பில்லாமல் அவர் பார்க்கிற இடமும், நம் சிறுகதையில் அதற்கு முன் இல்லாதவை. தொழிலை இலக்கியமாக்கியிருக்கிறார். அதைப் படித்துவிட்டுக் காட்டில் பாட்டில் எறிகிறவனுக்குக் கை கூசும். அந்த அளவுக்குக் கதை ஜயித்துவிட்டது.

ஆனால் ஒன்று. கதை சொல்லுகிற அதிகாரி டாக்டரைக் கும்பிட்டுக்கொண்டே சொல்லுகிறார். டாக்டர் படிப்படியாக மகானாகிவிடுகிறார். கார்பெட்டின் துப்பாக்கி கொடுத்த முடிவை இங்கே மகிமை கொடுக்கிறது. மகானைப் பார்த்து நாம் கண்ணீர் விடலாம். அவர் மாதிரி நாம் தடுமாற முடியாது, ஏனென்றால் அவர் தடுமாறுவதில்லை. என் ராஜபாளையத்து இளைஞர் மகான் இல்லை. கையில் துப்பாக்கியும் இல்லை. மாசக் கடைசியில் பணம் வந்ததா என்று பார்க்கிறவர், திட்டம் முடிந்த பிறகு என்ன செய்வது என்று கவலைப்படுகிறவர், ஊரிலிருந்து தாயார் போன் செய்து, "அணிலை எண்ணுறதுக்காப்பா இவ்வளவு படிச்சே?" என்று கேட்டால் பதில் சொல்லத் தெரியாதவர். அவர் தடுமாறிய ஒரு சந்தர்ப்பத்தை என்னிடம் சொன்னார். அதுதான் எனக்கு முக்கியம்.

அடிவாரத்துக் கிராமத்தில் ஓர் அம்மாள். விறகு பொறுக்கி விற்றுப் பிழைக்கிறவள். இவர் வந்த புதிதில் ஒரு மாசம் கூடு தெரியாமல் அலைந்தபோது, "கீழயே பாத்துக்கிட்டுப் போனா எப்படித் தெரியும் தம்பி? அந்தா, புளிய மரத்து உச்சாணியில கெடக்கு பாரு" என்று முதல் கூட்டைக் காட்டிக் கொடுத்தவள் அவள்தான். அப்புறம் எத்தனையோ கூடு காட்டினாள். வெயில் நேரத்தில் அவள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து நீராகாரம் குடித்திருக்கிறார். இரண்டாம் வருஷம் கணக்கைக் கூட்டிப் பார்க்கும்போது, ஓடையின் ஒரு பகுதியில் மரங்களின் கோவை அறுந்திருந்தது. கூடுகள் குறைந்திருந்தன. அங்கே கிளை கழித்தவர்களில் அந்த அம்மாளும் ஒருத்தி. அது அவருக்குச் சந்தேகமில்லாமல் தெரியும், கண்ணால் பார்த்தவர்.

எழுதினால், அந்தப் பக்கம் விறகுக்குப் போகிறவர்களைத் தடுத்துவிடுவார்கள். எழுதாவிட்டால் கணக்கு பொய். ஒரு வாரம் தூங்கவில்லை என்றார்.

"என்ன செய்தீர்கள்?"

"எழுதினேன், சார். பெயர் போடவில்லை. நோட்டில் அதற்கு ஒரு கட்டம் உண்டு. தொந்தரவு என்று பெயர். அதில் எண்ணாகப் போட்டேன்." கொஞ்ச நேரம் கழித்து, "அதற்கப்புறம் அவர்கள் திண்ணையில் உட்கார எனக்குக் கால் வரவில்லை" என்றார்.

இந்த அணிலைப் பற்றி 1994-ல் ஜஸ்டஸ் ஜோஷுவாவும் ஜான்சிங்கும் சேர்ந்து ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டார்கள். அணிலின் இருப்பிடத்துக்கும் எண்ணிக்கைக்கும் புறத் தலையீடுகளால் நேர்கிற பாதிப்புத்தான் அதன் பொருள். அவசியமான கட்டுரை, அப்படிப்பட்ட வேலை இல்லாவிட்டால் அணிலுக்காகப் பேச ஆதாரமே இருக்காது. ஆனால் அந்த வகை எழுத்தில் விறகுக்காரி ஒரு தலையீடாகத்தான் வர முடியும். என் கதையில் அணில் ஓர் அலங்காரமாகத்தான் வந்தது. சாஸ்திரிக்கு அவள் பின்னணி. எனக்கு அணில் பின்னணி. ஒரே ஓடைக்கரையில் இரண்டும் பிழைக்கின்றன என்பதை அவரும் எழுதவில்லை, நானும் எழுதவில்லை. அவர் எழுத முடியாததற்குக் காரணம் உண்டு. அவருடைய கட்டத்தில் இடம் கிடையாது. எனக்கு என்ன காரணம்? நாவல் என்பது கட்டமே இல்லாத நோட்டுப் புத்தகம் அல்லவா?

நான் எழுதியிருந்தால் என்ன செய்திருப்பேன் என்றும் எனக்குத் தெரியும். அவளை ஏழையாக்கி, ஆராய்ச்சிக்காரனைக் கல்நெஞ்சனாக்கியிருப்பேன். அல்லது அவனைத் தியாகியாக்கி, கணக்கைக் கிழித்துப் போடச் செய்திருப்பேன். வாசகர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். இரண்டும் பொய். நடந்தது என்னவென்றால், அவர் சரியானதைச் செய்தார், செய்துவிட்டு ஒரு திண்ணையை இழந்தார். அவள் மேல் தப்பில்லை. அடுப்புக்கு விறகு வேண்டும். அணில் மேல் தப்பில்லை. அதற்குக் கிளை வேண்டும். தப்பில்லாதவர்களுக்குள் நடக்கிற நஷ்டத்தை எழுதத்தான் நாவல் என்ற உருவமே ஏற்பட்டது என்று நான் நினைக்கிறேன். அப்படி ஒரு நாவலைத் தமிழில் எழுதுகிறவன், மரத்தின் பெயரையும் தெரிந்துகொள்ள வேண்டும், அந்த அம்மாள் ஒரு கட்டு விறகுக்கு எத்தனை ரூபாய் வாங்கினாள் என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஒன்று தெரிந்தால் போதும் என்று இருப்பவன் என்னைப் போலத்தான் எழுதுவான்.

போன வருஷம் என் சிறுகதைத் தொகுதி மறுபதிப்புக்கு வந்தது. மாந்தோப்புக் கதையை எடுத்துவைத்துக்கொண்டு திருத்தப் பார்த்தேன். அணிலைத் தரையிலிருந்து மரத்துக்கு ஏற்றினேன். இலைக்குள் வால் மட்டும் தெரிகிறது, கிழவர் பார்க்கிறார். கதை நிற்கவில்லை. சரி, இறங்கியே வரட்டும், பக்கத்து மரத்தை யார் வெட்டியது என்று எழுதலாம் என்று பார்த்தேன். பாகப்பிரிவினைக்கு அஞ்சி அவசரமாக மரத்தை விற்றவர் அந்தக் கிழவராகவே இருக்க வேண்டும் என்று தோன்றியது. அப்படியானால் அவர் நான் இத்தனை நாள் பரிதாபப்பட்ட கிழவரே இல்லை. அவரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.

பதிப்பாளருக்குப் போன் செய்து அந்தக் கதையை எடுத்துவிடச் சொன்னேன். பக்கம் குறைகிறதே, வேறு ஒன்று கொடுங்கள் என்றார். கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறேன். ஐப்பசி மழை விட்டதும் இன்னொரு தடவை செண்பகத்தோப்புக்குப் போக வேண்டும்.